"கிளம்பு" என்று சொல்ல ஓர் ஆள்

வெர்ன் ஸ்டக்கிக்கு அறுபத்து நாலு வயது. நெவாடாவில் எங்கள் பக்கத்து மண் சாலைகளைச் சமன்படுத்தும் இயந்திரத்தை முப்பது வருடம் ஓட்டியவர். திருடன் வந்தாலும் காபி கொடுத்து உட்காரவைக்கிற ரகம். அப்படிப்பட்ட மனிதர், தற்காப்புக்கு ரைஃபிள் சுடக் கற்றுக்கொடுக்கும் எங்கள் இரண்டு நாள் வகுப்புக்கு ஐந்தாவது முறையாக வந்து நின்றார். அதுவும் அதே ஆரம்ப வகுப்புக்கு.

நான் ரோனா. அங்கே மேஜையில் உட்கார்ந்து படிவம் வாங்குகிறவள். ஜோடிக்கு ஆள் குறைந்தால் ரைஃபிளோடு என்னையும் களத்தில் இறக்கிவிடுவார்கள். வெர்ன் கொடுத்த படிவத்தில், அடிபட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் எங்கள் ஆபீஸ் நம்பரே இருந்தது.

"ஏன் வெர்ன், உங்களுக்கு அடிபட்டா நானே எனக்கு போன் போட்டுச் சொல்லிக்கணுமா?"

"நீங்கதான் உடனே எடுப்பீங்க," என்றார்.

பைத்தியக்கார மனுஷன் என்று நினைத்து, படிவத்தை மற்ற படிவங்களுக்கு நடுவே சொருகினேன்.

இரண்டாம் நாள் காலை ஜோடிப் பயிற்சி. இரண்டு பேர் ஆளுக்கொரு பீப்பாய்க்குப் பின்னால் இருப்பார்கள். ஒருவர் இலக்கை நோக்கிச் சுட்டுக்கொண்டிருக்க, மற்றவர் அடுத்த பீப்பாய்க்கு ஓட வேண்டும். ஓடுகிறவர் "கிளம்புறேன்!" என்று கத்த வேண்டும். சுடுகிறவர் "கிளம்பு!" என்று பதில் கொடுத்த பிறகே காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் குண்டுக்குக் குறுக்கே போய் நிற்க வேண்டியதுதான்.

வெர்ன் கத்தினார். பதில் வருவதற்குள் ஓடியும்விட்டார். அவருடைய ஜோடி மருந்துக்கடை ட்ரெவர், விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு வெளிறிப்போய் நின்றான்.

"எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு," என்றான். "இவரைச் சுட்டுட்டு நான் ஆயுசுக்கும் அழ முடியாது. வேற ஜோடி குடுங்க."

பயிற்சியாளர் மிட்ச் நல்லவர்தான், ஆனால் இந்த விஷயத்தில் கல். "வெர்ன், இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன். அப்புறம் எந்த வகுப்புக்கும் சேத்துக்க மாட்டேன்." வெர்ன் தலையாட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை.

மதியம் அவர் தன் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, சாண்ட்விச்சைப் பிரிக்காமல் வைத்திருந்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. நேராகப் போய்க் கேட்டேன்.

"அஞ்சாவது தடவை வர்றீங்க. பதில் வர்ற வரைக்கும் நிக்கணும்னு இன்னுமா தெரியல?"

"தெரியும். கால் கேக்க மாட்டேங்குது." சாண்ட்விச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொண்டாட்டி கொரின் இருந்தப்ப, கிளம்புறேன்னு சொன்னா சமையலறையிலேர்ந்து குரல் குடுப்பா. கிளம்பு, கதவை இழுத்துச் சாத்துன்னு. அவ போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு. இப்பவும் சொல்லிட்டுத்தான் கிளம்புறேன். பதில் வராதுன்னு தெரியும். சொன்னதும் காலு தானா நடந்துருது."

"அதுக்குத்தான் இங்க வர்றீங்களா?"

"இங்க சொன்னா யாராவது பதில் சொல்றாங்க, ரோனா."

சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிற்பகலில் மிட்ச், ட்ரெவரை வேறொரு ஜோடியோடு சேர்த்துவிட்டு, வெர்னுக்கு ஜோடியாக என்னை நிறுத்தினார். நான் சுடத் தொடங்கினேன்.

"கிளம்புறேன்!" என்றார் வெர்ன்.

அந்த நேரம் பார்த்து என் ரைஃபிளில் தோட்டா சிக்கிக்கொண்டது. நான் மண்டியிட்டு அதோடு மல்லுக்கட்டினேன். வாயைத் திறக்கக்கூட மறந்துவிட்டேன்.

"கிளம்புறேன்!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவர் கால்களையே பார்த்தார்கள். ஒரு கால் முன்னே வந்தது, பின்னால் போனது. பீப்பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சிக்கிய தோட்டா கீழே விழுந்ததும் நான் நிமிர்ந்து, மறுபடி சுட்டபடியே கத்தினேன்: "கிளம்பு!"

ஓடினார். அறுபத்து நாலு வயதுக்கு அது நல்ல ஓட்டம். மிட்ச் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ட்ரெவர் கைதட்டினான்.

வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். நான் ஆபீஸில் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெர்ன் ஜன்னலருகே வந்து, "கிளம்புறேன், ரோனா," என்றார். நான் ஒரு பெயரைத் தப்பாக எழுதிய எரிச்சலில் இருந்தேன். நிமிரக்கூட இல்லை.

இருபது நிமிடம் கழித்து மிட்ச் உள்ளே எட்டிப் பார்த்தார். "வெர்ன் வண்டி ரிப்பேரா? இன்ஜின் ஓடிட்டே இருக்கு, ஆள் போகல."

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். வெர்ன் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, ஆபீஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"கிளம்பு, வெர்ன்," என்றேன். "கதவை இழுத்துச் சாத்து."

சாத்தியிருந்த கதவைத் திறந்து, இன்னொரு தடவை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.