மூலையில் இரண்டு வெட்டு

இடிக்கப்போகும் தன் பழைய வீட்டின் பரணிலிருந்து எடுத்ததென்று, கறுத்து விறைத்த ஒரு ரப்பர் ஷீட்டைப் பிஜு இன்று என் மடியில் வைத்தான். அதன் புகையும் புளிப்பும் மூக்கில் ஏறியதும், கொல்லயில் ஊரில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்த ஓலைப்புரைக்குள் போய்விட்டேன்.

தட்டுகளில் உறைந்த ரப்பர் பாலைக் கையால் அழுத்திப் பரத்தி, கிறீச்சிடும் மெஷினில் கொடுத்து நான் கைப்பிடியைச் சுற்ற, மறுபுறம் வெள்ளைத் துணிபோல் நீண்டுவருவதைப் பிஜு ஏந்திக்கொள்ள, இரு வீட்டு ஷீட்டுகளும் ஈரம் சொட்டச் சொட்ட ஒரே கயிற்றில் தொங்கும். அடையாளத்துக்கு மூலையில் கத்தியால் வெட்டுவோம். எங்களுக்கு ஒரு வெட்டு, அவர்களுக்கு இரண்டு.

பதினாறு வயதில் ஒருநாள், அவனையே பார்த்துக்கொண்டு எங்கள் ஷீட்டில் இரண்டு வெட்டு போட்டுவிட்டேன்.

அப்பா பார்த்துவிட்டார். "மக்கா, இது அவனுக்க வீட்டு அடையாளமாக்கும்," என்றார். அந்த ஷீட்டை அவர்கள் அடுக்கிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுவருடம் பிஜு வளைகுடாவுக்குப் போனான். பிறகு இருவருக்கும் வேறு வேறு கல்யாணங்கள்; என் கணவர், அவன் மனைவி என இரண்டு மரணங்கள். ஓலைப்புரை நின்ற இடத்தில் இப்போது யாருடைய காரோ நிற்கிறது. அடுத்த மாதம் எங்களுக்குக் கல்யாணம்.

"ஷீட்டு ஒண்ணு கூடுதல் உண்டுண்ணு அம்மை அண்ணைக்கே கண்டா," என்றான் பிஜு. "விக்கல்ல, திருப்பியும் குடுக்கல்ல. வெட்டினவளே வந்து கேக்கட்டும்ணு பரண்ல வச்சா."

மூலையில் அந்த இரண்டு வெட்டையும் தடவிப் பார்த்தேன். கொஞ்சமும் கை நடுங்காமல்தான் வெட்டியிருக்கிறேன்.