இரண்டு விரல் இல்லாத கையுறை

எங்கள் ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்கும் லிஃப்ட் அறைக்கும் நடுவே ஒரு கம்பி கட்டியிருக்கும். தரை துடைக்கும் துணிகளோடு, கழுவிய ரப்பர் கையுறைகளும் கிளிப் மாட்டி அதில் காயும். எல்லாம் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறம், ஒரே கனம். ஆனாலும் ஒரு ஜோடியை மட்டும் படியேறி வரும்போதே அடையாளம் கண்டுவிடுவேன். அதன் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அடியோடு கத்தரிக்கப்பட்டிருக்கும். மீதி மூன்று விரல்கள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அது இரண்டாவது மாடி அக்காவுடையது. பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டாக்டரிலிருந்து கேன்டீன் மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் இரண்டாவது மாடி அக்காதான்.

குமணன்சாவடி தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. எத்தனை ஜன்னலை மூடினாலும் சாலைப் புழுதி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் புழுதியையும், அதைவிட மோசமான மற்றதையும் துடைத்து எடுக்க அக்கா முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருவார். ஷேர் ஆட்டோவில் ஆவடி, அங்கிருந்து பஸ். வந்து இறங்கியதும் முதல் வேலையாக நர்ஸ் மேஜைப் பக்கம் வந்து என்னைச் சீண்டுவார். “இன்னா சிஸ்டர், மூஞ்சி தொங்கிப்போய் கீது? இட்லி துண்ணலியா, இல்ல ஊட்டுக்காரரு கோச்சிகினாரா?” இரவு ஷிப்ட் முடித்து எரிச்சலோடு நிற்கிற எனக்கு, அந்த ஒரு கேள்வியில் பாதி அலுப்பு இறங்கிவிடும். மீதிப் பாதி அப்படியேதான் இருக்கும், அது வேறு விஷயம்.

கையுறைக்கு வருகிறேன். துப்புரவு வேலையை எங்கள் ஆஸ்பத்திரி ஒரு கான்ட்ராக்ட்காரரிடம் விட்டிருந்தது. அவர் வாங்கிப் போட்டதெல்லாம் ஒரே சைஸ், பெரிய சைஸ். வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள், கையுறையோ கடோத்கஜன் கைக்கு. அக்காவுக்குச் சின்னக் கை. கையுறையை மாட்டினால் விரல் நுனியில் காலி ரப்பர் வாத்து மூக்கு மாதிரித் தொங்கும். அதை வைத்துக்கொண்டு குப்பைப் பையின் முடிச்சைப் போட முடியாது, கட்டில் விளிம்பில் ஒட்டிக்கிடக்கும் பிளாஸ்திரியைப் பிய்க்க முடியாது. “இது இன்னா சிஸ்டர், முனீஸ்வரனுக்கு அளவெடுத்ததா?” என்பார். அதனால் வேலைக்குத் தேவையான இரண்டு விரலையும் கத்தரியால் வெட்டிவிட்டு, கையுறை நழுவாமல் இருக்க மணிக்கட்டில் சாம்பார் பார்சல் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொள்வார். அவர் மட்டுமல்ல, எல்லா மாடியிலும் அப்படித்தான்; மற்றவர்கள் நுனியை மட்டும் வெட்டுவார்கள், அக்காதான் அடியோடு. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எந்த விரலுக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டுமோ அந்த விரலைத்தான் எல்லோரும் வெட்டினார்கள்.

தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான நர்ஸ் என்று என் சட்டையில் ஒரு பேட்ஜ் உண்டு. சின்ன சைஸ் வேண்டும் என்று நான் கேட்காத கூட்டம் கிடையாது. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே குரல் பெரிசு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டியவர். அவருக்குக் காது மந்தமாக மந்தமாக நாங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். அதை நோய் என்று யாரும் சொல்லவில்லை, அப்பாவுக்கு வயசாகிறது என்றுதான் சொன்னோம். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அந்தப் பெரிய குரலோடுதான் கூட்டத்தில் கேட்பேன். “ஆர்டர் போட்டாச்சு சிஸ்டர், வந்துக்கிட்டே இருக்கு” என்பார் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். எந்தக் கப்பலில் வருகிறதோ என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரியிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களின் பணியிடப் பாதுகாப்பு பற்றிய ஆய்வு. ஒல்லியான ஒரு பெண், மரியாதை தெரிந்த பெண், சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். கை கழுவும் இடத்தில் சூப்பர்வைசர் கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். “வேலை நேரத்துல கையுறை போடுறீங்களாம்மா?” என்று அவள் கேட்க, “எப்பவும் போட்டுக்கினுதான்மா கீறேன்” என்றார் அக்கா. பொய்யில்லை. “ஊசி ஏதாவது குத்தியிருக்கா?” என்றதற்கு, “இல்லம்மா.” அது பொய். அந்தப் பெண் போன பிறகு ஏன்க்கா என்று கேட்டேன். “அது நல்ல பொண்ணு சிஸ்டர். எழுதிக்கினு போயிடும். நானு இங்கதான கீறணும்?” என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன்.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து ஒரு பகல். டீ வாங்கக் கை நீட்டிய அக்காவின் ஆள்காட்டி விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மணிக்கட்டில் இருக்க வேண்டிய ரப்பர் பேண்ட் விரலின் அடியில் இறுக்கிச் சுற்றியிருந்தது. என்னாச்சு என்று பிடித்து நிறுத்திக் கேட்டேன். காலையில் ஒரு படுக்கையைச் சுருட்டும்போது, துணி மடிப்பில் யாரோ விட்டிருந்த ஊசி ஏறியிருக்கிறது. பாம்பு கடித்தால் கட்டுவதுபோல, விஷம் மேலே ஏறாமல் விரலைக் கட்டிவிட்டு, மத்தியானம் வரை மாடி முழுக்கத் துடைத்திருக்கிறார். கட்டை அவிழ்த்து, குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். எந்தப் படுக்கை என்று கேட்டேன். சொன்னார். அந்தப் படுக்கையில் இருந்தவருக்குக் கல்லீரல் நோய், ரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பது கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. அக்காவுக்கோ கான்ட்ராக்ட்காரர் தடுப்பூசியில் முதல் தவணை போட்டதோடு சரி.

விபத்துப் படிவத்தில் எழுதி உடனே ஊசி போட்டாக வேண்டும், தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பலன் குறையும் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எழுத வேணாம் சிஸ்டர். உன் கால்ல வேணாலும் உழறேன். பிரசவ வார்டு அக்காவுக்கு குத்திச்சின்னு சொன்னப்புறம் அதுக்கு வேல இருந்துச்சா? என் பொண்ணுக்கு காலேஜு கடைசி வருசம்.” எழுதாமல் அந்த மருந்து வெளியே வராது. அதை நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்க பொண்ணுக்கு காலேஜ் முக்கியமா, அம்மா முக்கியமாக்கா?” என்று கத்தினேன். மாடியே திரும்பிப் பார்த்தது. அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “சரி, உன்ன நம்பி வர்றேன்” என்று எழுந்தார். அவசரப் பிரிவில் இரண்டு கையிலும் ஊசி போட்டார்கள். ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதைப் பார்த்து எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் கையுறை அளவு சரியில்லை என்று எழுதினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். ஊழியர் கையுறையை வேண்டுமென்றே சேதப்படுத்தினார் என்று மாற்றச் சொன்னார். என் குரல் கீழ்த் தளம் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் மாற்றவில்லை. அதனால் என்ன? வேறு காகிதத்தில் வேறு யாரோ அவர் சொன்னபடி எழுதிக்கொண்டார்கள். அந்த மாதக் கடைசியில் அக்காவை ‘ஆபத்தில்லாத இடத்துக்கு’ மாற்றினார்கள். அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக் கட்டடம், கழிவறை வேலை, சம்பளம் கம்மி. போகிற அன்று அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். “அங்க ஊசி கெடையாது சிஸ்டர், ஆசிட்டுதான் கீது” என்று சிரித்துவிட்டுப் போனார். அவரை இழுத்துக்கொண்டு போனது தப்பா என்று என்னை யாராவது கேட்டால், இல்லை என்பேன். நாளைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் சரியானதைச் செய்துவிட்டு இப்படி அசந்து உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆய்வின் முடிவை மாடிக் கூட்ட அறையில் திரை போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் கையுறை அணியும் பழக்கம் மிகச் சிறப்பாக இருப்பதாக வந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சமோசா கொடுத்தார்கள். அந்த ஒல்லிப் பெண் என்னிடம் வந்து, “ஏதாவது விட்டுப்போச்சா சிஸ்டர்?” என்று கேட்டாள். அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்க் கம்பியைக் காட்டினேன். வெட்டிய விரல் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “இதை நான் கேட்கவே இல்லையே” என்றாள். அடுத்த முறை கேட்பாள் என்றுதான் நம்புகிறேன்.

அக்காவுக்கு அதன் பிறகு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. லீவு போட்டு, கொரட்டூரில் என் வீட்டுப் பக்கத்து லேபுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் முடிவு வரும் வரை எனக்குச் சோறு இறங்காது. நேற்று கடைசிப் பரிசோதனையின் முடிவு வரும் நாள். வார்டில் இருப்புக்கொள்ளாமல் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன். கொளுத்தும் வெயில். டேங்க் நிழலில் நின்றபோது போன் அடித்தது.

“சிஸ்டர், ஒண்ணுமில்லியாம்! பொண்ணு பட்ச்சி சொல்லிச்சு, ஒரு கிருமியும் இல்லியாம்!” என்றார் அக்கா. பின்னால் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம். அப்பாடா என்று டேங்கிலேயே சாய்ந்துவிட்டேன். “நல்லா இருங்கக்கா, நல்லா இருங்க” என்றேன். அவர் மகளுக்கு வேலை தேடுவதைச் சொன்னார், ஆசிட் நெடியில் தொண்டை கமறுவதைச் சொன்னார். வைக்கப் போகும்போது, “ஆமா, என் மாடிக்கு புச்சா ஒரு பொண்ணு வந்துகீதாமே? அதுக்கு கை எப்பிடி, பெர்சா?” என்று கேட்டார்.

கம்பியைப் பார்த்தேன். புதிய கையுறை, ஆரஞ்சு நிறம் இன்னும் மங்கவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

“சின்னக் கைதான்க்கா” என்றேன்.