மாப்பிள்ளைக்கு வந்த துண்டு

“...அம்புட்டும் மாப்ள கைவேலையா! ஆளு வைக்காம அவரே மாட்டியிருக்காரே!” என்று என் அப்பா, சமையலறைச் சுவரில் நான் மாட்டிய பலகைகளைத் தடவிப் பார்த்தார். வேலை முடிந்துவிட்டது என்று நான் போனில் சொன்னதுமே புதுத்துண்டு வாங்கிவிட்டாராம். ஆரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அதை என் கணவர் தோளில் போர்த்தினார்.

அளவெடுத்தது நான், துளை போட்டது நான். இவரோ துண்டை நீவிவிட்டபடி சிரித்துக்கொண்டு நிற்கிறார்!

“நான்தான்ப்பா மாட்டுனேன்.”

“நீயும் கூடமாட ஒத்தாசை பண்ணிருப்ப தாயி, தெரியும்.”

கூடமாடவாம்! அந்த வார்த்தையைத்தான் என்னால் இன்றும் விழுங்க முடியவில்லை.

“அப்ப கீழ சாத்தி வச்சிருக்க அந்த முருகன் படத்த மாட்டச் சொல்லுங்க, உங்க மாப்ளய.”

இவர் ஆணியைச் சுவரில் நேராக வைத்து ஓங்கி அடித்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

“சுவரு சரியில்ல மாமா.”

“துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக்கைச் சொருகி, அப்புறம்தான் ஸ்குரூ முடுக்கணும். சுவரு நல்லாத்தான் இருக்கு!” என்று சொல்லிவிட்டு, டிரில்லிங் மெஷினோடு ஸ்டூலில் ஏறினேன். எனக்குத் துண்டு வேண்டாம். ‘நீயா செஞ்ச?’ என்று அப்பா ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

மெஷின் சுற்றியதும் தூசி என் தலையில் கொட்டியது.

“பொறு தாயி,” என்றார் அப்பா. மாப்பிள்ளை தோளில் கிடந்த துண்டை உருவி, என்னைக் குனியச் சொல்லி, தலையில் உருமாவாகக் கட்டிவிட்டார்.