மாமிக்குத் தெரியாமல் மாறிய கப்பல்

மாமியாரிடம் சொல்லாமல் கப்பல் மாறியது தவறா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

"நம்ம சனங்க வர்ற கப்பல்லயே புள்ளய கூட்டியாங்க" என்று கடலூரிலிருந்து மாமி எழுதியிருந்தார்கள். நாங்கள் இருந்த பினாங்கில் என் கணவரோ வேறு கம்பெனிக் கப்பலில் டிக்கெட் எடுத்துவிட்டார். "புதுசா ஒண்ணு பாப்பமே!" என்றார்.

அதில் நாங்கள்தான் இளசுகள். மற்றவர்கள் எல்லாம் வயதானவர்கள். மூன்றாம் நாள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தேன். விழித்தால் குழந்தையைக் காணோம். பதறி மேல்தளத்துக்கு ஓடினேன். சீட்டாடும் பெரியவர்கள் நடுவே, சிதம்பரத்துக்காரர் ஒருவரின் மடியில், ராஜா சீட்டைக் கடித்தபடி சிரித்தாள் மகள். எதிரே அவள் அப்பா!

"போய்ப் படும்மா. ஒன் ஊட்டுக்காரரு தோத்துட்டாரு, பாப்பா ஜெயிக்கிறா" என்றார் அந்தச் சிதம்பரத்துப் பெரியவர்.

நம் சனங்கள் இல்லையே என்ற என் பயம் அங்கேயே கரைந்தது. ஆனால் வீட்டில், வழக்கமான கப்பலில் வந்ததாகவே சொல்லிவிட்டோம். வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவர் பாப்பாவைப் பார்க்க வருகிறார். அதற்குள் மாமியிடம் எப்படிச் சொல்வது? சொல்லுங்களேன், சகோதரிகளே.