கறுப்பி மறைத்த நட்சத்திரம்

என் புருஷன் லஸ்ஹர் முப்பத்திரண்டு வருஷம் பாலைவன ஓரத்து எங்கள் ஊர் டூஸுக்கும் கடற்கரை ஊர் காபெஸுக்கும் நடுவே ஷேர் டாக்ஸி ஓட்டினார். அந்தக் காலம் முழுக்க ஒரு நாள்கூட அவர் வரிசை தாண்டி ஆள் ஏற்றியதில்லை. முன்னால் நிற்கும் வண்டி நிரம்பிக் கிளம்பினால்தான் அடுத்த வண்டிக் கதவைத் திறக்கலாம் என்பது எங்கள் ஸ்டாண்டில் சட்டம். ஷத்லி என்று ஒருவன், அவருடைய கூட்டாளி, அடிக்கடி குறுக்கே புகுந்து ஆள் பிடிப்பான். அவனோடு எங்கள் வீட்டுக்காரர் மூன்று மாதம் பேசாமல் இருந்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒரு தடவை வரிசை தாண்டினார், அதுவும் வானத்தில் கிடக்கிற ஒரு கறுப்புக் கல்லுக்காக. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எல்லாம் மோனியா டீச்சரால் வந்த வினை. ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறவள். ஒருநாள் ஒரு நீளப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இவர் வண்டியில் ஏறினாள். பெட்டிக்குள் தொலைநோக்கி. வழியெல்லாம் அவள் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தவர், சாப்பிட உட்கார்ந்தும் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கு அப்பால், வியாழன் பக்கமாக, ஒரு குறுங்கோள் சுற்றுகிறதாம். அடுப்புக் கரியைவிடக் கறுப்பாம். பெயர்கூடக் கிடையாது, வெறும் நம்பர்தானாம். அவளுடைய தொலைநோக்கியிலேயே அது தெரியவே தெரியாதாம்.

"தெரியாததை எதுக்குப் பாக்கணும்?" என்றேன்.

"அது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்க போகும் மஹ்பூபா. அப்ப நட்சத்திரம் சில வினாடி காணாமப் போகும். அதை வெச்சு அது எவ்ளோ பெருசுன்னு சொல்லிடலாம்."

"அது பெருசா இருந்தா நமக்கென்ன, சிறுசா இருந்தா நமக்கென்ன? ஷோர்பா ஆறுது, குடிங்க."

குடித்தார். ஆனால் அந்த மாதமே மோனியாவின் பழைய தொலைநோக்கி ஒன்று என் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வருஷம் இன்னொன்று வந்தது. கல்லுக்குக் கறுப்பி என்று நான்தான் பெயர் வைத்தேன். சக்களத்திக்கு ஒரு பெயர் வேண்டாமா?

பதினான்கு வருஷம். கறுப்பியும் அவள் சொந்தக்காரக் கற்களும் எங்கள் பக்கம் நிழல் போடப்போவதாகப் பன்னிரண்டு தடவை மோனியாவிடமிருந்து கடுதாசி வந்தது. பன்னிரண்டு தடவையும் அவர் போய்க் குளிரில் உட்கார்ந்தார். சில நாள் மேகம் வந்தது, சில நாள் மணல்காற்று அடித்தது. வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்த நாளில் நிழல் வேறெங்கோ விழுந்தது. நிழல் விழும் இடம் கணக்குப் போடுகிறவர்களுக்கே நிச்சயம் தெரியாது. அதனால் பார்க்கிறவர்கள் வடக்கே ஒருவர், கொஞ்சம் தெற்கே ஒருவர் என்று ஆளுக்கோர் இடம் பிரித்து உட்கார்வார்கள். ஒன்றும் பார்க்காதவனும் பார்க்கவில்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் ஊர் தெற்குக் கோடி என்பதால் இவருக்கு எப்போதும் கடைசி இடம்தான். பன்னிரண்டு கடிதத்திலும் "லஸ்ஹர், டூஸ், ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஒரே ஒரு தடவை அந்த நட்சத்திரம் அணைந்து தொலைந்தால்தான் என்ன என்று கறுப்பியைத் திட்டுவேன்.

பதின்மூன்றாவது கடுதாசி தொண்ணூற்றாறாம் வருஷம் ஜனவரியில் வந்தது. சாட்சாத் கறுப்பியேதான், இரவுத் தொழுகை முடிந்த கையோடு, எட்டு மணி சுமாருக்கு. இனி எங்கள் பக்கம் வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று எழுதியிருந்தாள் மோனியா. இவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கறுப்பி வரும் நாள் சாயங்காலம் இரண்டு தொலைநோக்கியையும் வண்டியில் ஏற்றினார். என்னையும் ஏறச் சொன்னார். ஊருக்குத் தெற்கே, அவருக்கு ஒதுக்கிய மணல் திட்டில், சின்னதை நட்டு நட்சத்திரத்தில் நிறுத்தினார். ஸ்டூல், போர்வை, டீ ஃபிளாஸ்க், வினாடிக்கு வினாடி பீப் அடிக்கும் ரேடியோ, டேப் ரெக்கார்டர் எல்லாம் என் பக்கத்தில் வந்தன.

"நீ இங்க பாரு. நான் வடக்க போறேன். அம்பது கிலோமீட்டர். நிழலோட நடுக்கோடு அங்கதான்."

"உங்க இடம் இதுதானே?"

அவர் குனிந்து ஸ்டூலின் காலை மணலில் அழுத்தினார்.

"முறை தாண்டுறீங்க. ஷத்லிக்குத் தெரிஞ்சா சிரிப்பான்."

"சிரிக்கட்டும். ஒரு தடவை மஹ்பூபா. ஒரே ஒரு தடவை நான் பாக்கணும். இடம் காலியா இருக்கக்கூடாதுன்னுதான் உன்னை உக்கார வெக்கறேன். இங்க ஒண்ணும் நடக்காது, பயப்படாதே."

அவர் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை. ரெக்கார்டரைச் சோதித்துப் பார்க்கச் சிவப்புப் பொத்தானை அழுத்தி, "ஏதாவது பேசு" என்றார். என்ன பேசுவது என்று கேட்டேன், ஏதாவது என்றார். போர்வையை இழுத்து என் கழுத்துவரை மூடிவிட்டுக் கிளம்பினார். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் பொத்தானை நிறுத்த வேண்டும் என்ற ஞாபகமே எனக்கு வந்தது.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவர் சொல்லிக்கொடுத்தபடி, மறுபடி அழுத்தினேன். நட்சத்திரம் மறைந்தாலும் திரும்பி வந்தாலும் வாய்விட்டுச் சொன்னால் பீப்போடு சேர்ந்து டேப்பில் பதியுமாம். கண்ணை வைத்தேன். நட்சத்திரம் ஊசிமுனை மாதிரி நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, கழுத்து வலித்தது, இதற்கா பதினான்கு வருஷம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அப்போது அது இல்லை. மங்கவும் இல்லை, ஆடவும் இல்லை, சும்மா இல்லாமல் போயிற்று. நான் ஏதோ சொன்னேன். மறுபடி வந்தபோதும் ஏதோ சொன்னேன். பிறகு டீயை மடியில் கொட்டிக்கொண்டேன்.

என்னை ஏற்றிப்போக அவர் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார். "வானம் சுத்தமா இருந்துச்சு. அசையாமப் பாத்தேன். ஒண்ணுமில்ல."

நான் கேசட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். இதை அழித்துவிட்டால் என்ன? சிவப்புப் பொத்தானை அழுத்தி நாலு வார்த்தை பேசினால் போயிற்று. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் கையை நீட்டினார்.

"கேசட்டைக் குடு. பீப் சரியா விழுந்திருக்கான்னு பாக்கணும். பாக்கலேன்னாலும் எழுதணுமில்ல."

வண்டி டேப்பில் போட்டு, தொடக்கத்தில் விழுந்திருந்த எங்கள் பேச்சைத் தாண்டி ஓட்டினார். பீப், பீப் என்று ஓடியது. பிறகு என் குரல்: "அடி பாவி, போச்சு." அப்புறம் பீப் மட்டும். அவர் வண்டியை நிறுத்தினார். உதடு அசைய எண்ணினார். பதினோராவதில் என் குரல், "வந்துருச்சு, வந்துருச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படிப் போச்சு?"

"வீட்டுல விளக்கை அணைக்கிற மாதிரி. சத்தமே இல்லாம."

இறங்கிப் போய் ரோட்டோரமாக எனக்கு முதுகு காட்டி நின்றார். தோள் குலுங்கியது. நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? அவர் இடத்தில் உட்கார்ந்து, அவருக்கு வர வேண்டியதை நான் பார்த்துவிட்டேன். திரும்பி வந்து ஸ்டியரிங்கில் கை வைத்து, "என் முறைதான். நான்தான் இறங்கிப் போயிட்டேன்" என்றார்.

ஒளிக்காமல் எல்லாவற்றையும் மோனியாவுக்கு எழுதினார். நிழல் கணக்கைவிட வெகுவாகத் தெற்கே தள்ளி விழுந்திருக்கிறது. பிரித்து உட்கார்ந்த ஒன்பது பேரில் ஒருவரும் பார்க்கவில்லை, என்னைத் தவிர. மஹ்பூபா பார்த்ததும் லஸ்ஹர் பார்க்காததும் சேர்ந்துதான் கறுப்பியின் ஓரம் எங்கே என்று காட்டியது என்று அவள் பதில் போட்டாள். அவர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறுதல் அடைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் வண்டியில் அந்தக் கேசட்டுதான். எங்கள் பேச்சு விழுந்த முன்பகுதியைத் தள்ளிவிட்டு, நேரே அந்தப் பதினோரு வினாடிக்குப் போவார். பயணிகள் பாட்டுப் போடச் சொல்லிச் சத்தம் போடுவார்கள். "இருங்கப்பா, இது முடியட்டும்" என்பார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி, "சொல்லு மஹ்பூபா, எப்படிப் போச்சு?" நானும் சொல்வேன். சலித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்திலும் கேட்டார், சொன்னேன்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கேசட் என்னிடம் இருக்கிறது. அந்தப் பதினோரு வினாடிவரை நான் போவதில்லை. அவர் தள்ளிவிட்ட முன்பகுதியைத்தான் போடுகிறேன்.

"ஏதாவது பேசு."

"என்ன பேசறது?"

"ஏதாவது. குளுருதா? இந்தா, நல்லாப் போத்திக்கோ. நான் வந்துடறேன்."

கதவு சாத்துகிற சத்தம். வண்டி கிளம்பி, மணலில் இறங்கி, ரோட்டில் ஏறி, தூரமாகப் போகிறது. அது கேட்காமல் போகும் இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போடுகிறேன்.