முப்பத்தெட்டு மாவட்டங்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிப் போன சனிக்கிழமை

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை இந்தப் பயணம். என் அக்கா சுகந்தி தூத்துக்குடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வேலையில் சேர்ந்து முதல் வருடம். துறைமுகம், கொற்கை, ஆதிச்சநல்லூர் மூன்றும் அவள் பாடத்தில் மூன்று பக்கம். பக்கத்தைப் புரட்டுவதைவிடப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது மேல் என்று தலைமை ஆசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினாள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "கூட்டிட்டுப் போற பிள்ளை அத்தனையும் முழுசா வரணும் டீச்சர். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இந்தப் பள்ளிக்கூடத்துல இனி டூரே கிடையாது."

துணைக்கு வரவேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல். அதனால் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என்னை இழுத்துப் போட்டாள். சமூக அறிவியலில் எனக்குச் சமூகம் நன்றாக வரும்; மற்றதைப் பற்றி மதிப்பெண் பட்டியலைக் கேளுங்கள். இதே போல் பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். துணைக்குத் தம்பியைக் கூட்டிப் போகிறவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

அக்காவின் ஏற்பாடு உண்மையிலேயே அருமையானது. வகுப்பில் முப்பத்தேழு பிள்ளைகள், தமிழ்நாட்டில் முப்பத்தெட்டு மாவட்டங்கள். ஆளுக்கொரு மாவட்டம் எழுதி அட்டையாகக் கழுத்தில் தொங்கவிட்டாள். மீந்த மயிலாடுதுறை எனக்கு. "கடைசியாப் பொறந்த மாவட்டம்லே. உனக்குன்னே பொறந்திருக்கு" என்றாள். அன்று முழுக்க யார் பெயர் கேட்டாலும் மாவட்டத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் தன் அண்டை மாவட்டங்கள் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். வருகைப் பதிவும் அப்படித்தான்: அக்கா ஒரு மாவட்டத்தைக் கூப்பிட்டால் அதன் அண்டை மாவட்டங்கள் "இருக்கு டீச்சர்" என்று கத்த வேண்டும்.

காலை 7.20க்குப் பள்ளி பஸ் கிளம்பியது. ஓட்டுநர் சேர்மதுரை அண்ணாச்சி. முதல் நிறுத்தம் துறைமுகக் கடற்கரை, 6 கிலோமீட்டர். முத்துநகர் என்று ஊருக்குப் பட்டப்பெயர். முத்தைக் காணோம், துறைமுகச் சாலையில் நின்ற லாரிகளோ நகரக் காணோம். இந்த ஆறு கிலோமீட்டருக்கே 35 நிமிடம் ஆயிற்று, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மணலில் உட்கார்ந்து தூரத்துக் கிரேன்களைப் பார்த்தபடி பிள்ளைகள் ஏற்றுமதி, இறக்குமதி, மன்னார் வளைகுடா படித்தார்கள். கன்னியாகுமரிப் பையன் தனக்கு அண்டையில் திருநெல்வேலி ஒன்றுதான் இருக்கிறது என்று முறையிட்டான். "அந்தப் பக்கம் கேரளாகாரன் பேச மாட்டேங்கான் டீச்சர்."

8.45க்குக் கொற்கைக்குப் புறப்பட்டோம், 27 கிலோமீட்டர். இரு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். எனக்கு ஏதாவது குறும்பு செய்யக் கை துறுதுறுத்தது. செல்வின் என்ற பையன் நீலகிரி. ஜன்னல் ஓரம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். ஜெஸி என்ற சிறுமி ராமநாதபுரம். அப்பா விசைப்படகில் போகிறவர், இவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. இருவர் அட்டையையும் மாற்றிவிட்டால், 'நீலகிரியில் கடல் இருக்கா?' என்று அக்கா கேட்கும்போது வேடிக்கையாக இருக்குமே என்று தோன்றியது. செல்வின் ஒரு மாங்காய் மிட்டாய்க்கு ஒப்புக்கொண்டான். ஜெஸி வேண்டாம் என்று தலையாட்டினாள். "டீச்சர் கண்டுபிடிக்காங்களான்னு பாப்போம், சும்மா போடு" என்று நானே அவள் கழுத்தில் மாட்டினேன்.

கொற்கையில் குளக்கரையில் வயதான ஒரு வன்னி மரம் இருக்கிறது. நிழல் உண்டு, முப்பத்தேழு பேர் தாராளமாக உட்காரலாம். ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம் இதுதான் என்று அக்கா சொன்னதும் அத்தனை தலையும் திரும்பிக் கடலைத் தேடின. கடல் இப்போது பல கிலோமீட்டர் கிழக்கே. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடல் விலகிப்போன கதையை அவள் மணலில் கோடு போட்டு விளக்கினாள். இங்கே தோண்டினால் இன்றைக்கும் சிப்பி கிடைக்கும் என்றும் சொன்னாள். நீலகிரியை அவள் ஒன்றும் கேட்கவே இல்லை. என் வேடிக்கை வீணாகிவிட்டதே என்று செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் போய்விட்டேன்.

11.40க்கு பஸ்ஸில் வருகைப் பதிவு. "நீலகிரி?" என்றாள் அக்கா. கோயம்புத்தூரும் ஈரோடும் காலையிலிருந்து செல்வினோடு கை கோத்து நடந்தவர்கள், அவன் முகத்தைப் பார்த்து "இருக்கான் டீச்சர்!" என்றார்கள். "ராமநாதபுரம்?" சிவகங்கையும் விருதுநகரும் அவன் கழுத்து அட்டையைப் பார்த்து "இருக்கு டீச்சர்!" என்றார்கள். செல்வின் ஒருவனே இரண்டு மாவட்டமாக உட்கார்ந்திருந்தான். அக்கா தாளில் முப்பத்தெட்டு டிக் போட்டாள். அண்ணாச்சி வண்டியை எடுத்தார்.

ஏரல் 5 கிலோமீட்டர்தான், 11.55க்குப் போய்விட்டோம். கடைத்தெருவில் சொல்லிவைத்திருந்த எலுமிச்சை சாதம் நாற்பது பொட்டலம்: பிள்ளைகள், அக்கா, நான், அண்ணாச்சி. எல்லோரும் பஸ்ஸிலேயே பிரித்துச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் பையில் ஒன்று இருந்தது.

"கடைக்காரரு ஒண்ணு கூட வச்சுட்டாரு போல" என்றாள் அக்கா.

"ஏரல்காரன் கூட வைக்க மாட்டான்மா" என்றார் அண்ணாச்சி.

நான் செல்வினைப் பார்த்தேன். ராமநாதபுரம் அட்டையை மாட்டிக்கொண்டு கோயம்புத்தூரின் ஊறுகாயைத் தின்றுகொண்டிருந்தான். பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். நீலகிரி அட்டை எங்கேயும் இல்லை.

பொய் சொல்ல எனக்கு எப்போதும் வாய் தயாராக இருக்கும். அன்றைக்குப் பொய் வரவில்லை. "அக்கா, நான் அட்டையை மாத்திட்டேன். ஜெஸி பஸ்ல இல்ல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கையைக்கூடக் கழுவாமல், "அண்ணாச்சி, வண்டியத் திருப்புங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குளக்கரை என் கண்முன் வந்து வந்து போனது. பத்து வயதுப் பிள்ளை, யாரும் கூப்பிடாத இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேலாகத் தனியாக. அண்ணாச்சி அந்த ஐந்து கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் ஓட்டினார். கொற்கைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டோமே என்று எனக்குள்ளேயே ஒரு வரி ஓடியது. முதல்முறையாக என் நகைச்சுவை எனக்கே பிடிக்கவில்லை.

மரத்தடியில் யாரும் இல்லை. குளக்கரையில் இல்லை. அக்கா "ஜெஸி! ஜெஸி!" என்று கத்தியபடி ஓடினாள். சாலையோரப் பெட்டிக்கடையில் ஊர்க்காரர் ஒருவர் செல்போனில் கத்திக்கொண்டிருந்தது கேட்டது: "ஆமா சார், ஊட்டிப் பிள்ளை! எப்படி வந்துச்சுன்னு தெரியல சார். அழக்கூட மாட்டேங்கு!"

கடைக்குள்ளே, டேபிள் ஃபேனுக்கு நேராக ஒரு ஸ்டூல். அதில் ஜெஸி. கையில் நன்னாரி சர்பத், மடியில் ஒரு கை சிப்பி. கழுத்தில் நீலகிரி.

"உங்க பிள்ளையாம்மா?" என்றாள் கடைக்காரப் பெண். "ஊட்டிப் பிள்ளைக்கு நம்ம வெயில் தாங்காதேன்னு ஃபேனைப் போட்டு உக்கார வச்சேன்."

போன் பேசியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பேரு என்னளான்னா நீலகிரிங்கா. ஊரு எதுன்னா நீலகிரிங்கா. கூட யாரு வந்தான்னா கோயம்புத்தூரும் ஈரோடும் வந்துச்சுங்கா. ஏலே, நான் போலீசுக்கு என்னன்னுலே சொல்ல?"

பக்கத்தில் வீடு கட்டத் தோண்டியிருந்த குழியில் சிப்பி கிடக்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறாள் ஜெஸி. கிடைத்திருக்கிறது. திரும்பி வந்தால் பஸ் இல்லை. அக்கா தரையில் முட்டி போட்டு அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஜெஸி அக்காவின் தோளுக்கு மேலே முகத்தைத் தூக்கி, "டீச்சர், அண்டை மாவட்டம் சரியாச் சொன்னேனா?" என்றாள். நான் மாற்றிவிட்ட அட்டைக்கு உரிய பாடத்தை அவள் பஸ்ஸிலேயே கோயம்புத்தூரிடம் கேட்டுப் படித்திருக்கிறாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கே தங்கம்" என்றாள் அக்கா. கடைக்காரப் பெண் சர்பத்துக்குக் காசு வாங்கவில்லை. போன் பேசியவர் போலீசுக்கு மறுபடி போன் போட்டு, "ஊட்டி கிடைச்சிருச்சு சார்" என்றார்.

திரும்பிவிடலாமா என்று அக்கா யோசித்தாள். ஜெஸிதான் ஆதிச்சநல்லூர் பார்க்க வேண்டும் என்றாள். ஏரலிலிருந்து 17 கிலோமீட்டர், 1.30க்குப் போய்ச் சேர்ந்தோம். தோண்டிய குழிக்கு மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்கு நேர் கீழே, அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிகள். பிள்ளைகள் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாலை 5.15க்குப் பள்ளி வாசல். ஜெஸியின் அம்மா மீன் கூடையோடு நேராகச் சந்தையிலிருந்து வந்திருந்தார். அக்கா வாயெடுக்கும் முன் நானே முந்திக்கொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என் கழுத்து அட்டையை வாசித்தார்.

"மயிலாடுதுறையோ?"

"ஆமாக்கா."

"அங்கனயே போயிருலே. கொஞ்ச நாளைக்கு எங் கண்ணுல பட்டுராத." பிறகு மகளைப் பார்த்தார். "ஏளா, தொலைஞ்சு போனியாமே. பயந்தியா?"

"நான் எங்கம்மா தொலைஞ்சேன்? நான் கொற்கைலதான் நின்னேன். இவங்கதான் பஸ்ல தொலைஞ்சு போனாங்க."

அந்த அம்மா சிரித்துவிட்டார். கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனாலும் சிரித்தார். எனக்கு அது போதும்.

இனி போகிறவர்களுக்கு. மொத்தம் 103 கிலோமீட்டர். அதில் பத்து என் கைங்கரியம், உங்களுக்கு 93தான் ஆகும். டீசல் 1,900 ரூபாய், சாப்பாடு பொட்டலம் 60 ரூபாய், பிள்ளைக்கு 120 வாங்கினால் போதும். கொற்கையில் தண்ணீர் வாங்க ஓரிரு கடைதான், கையில் கொண்டு போங்கள். ஆதிச்சநல்லூர் திறந்திருக்கும் நேரத்தை முன்னாலேயே விசாரியுங்கள். மாவட்ட அட்டை விளையாட்டைத் தாராளமாக ஆடுங்கள், அதைவிட நல்ல வரைபடப் பாடம் நான் பார்த்ததில்லை. ஆனால் அட்டையின் பின்பக்கம் பிள்ளையின் சொந்தப் பெயரையும் உங்கள் போன் நம்பரையும் எழுதுங்கள். வண்டி கிளம்பும் முன் பெயரைக் கூப்பிடுவதோடு நிறுத்தாமல் தலைகளையும் ஒருமுறை எண்ணுங்கள்.

திங்கட்கிழமை அக்கா தலைமை ஆசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். நான் அறைக்கு வெளியே நின்று கதவோடு காதை ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "டூர் உண்டு டீச்சர். தம்பி கிடையாது."

இவ்வளவு நிம்மதியாக நான் எதிலிருந்தும் நீக்கப்பட்டதில்லை.