மஞ்சள் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளில் நான் ஆசை ஆசையாக ஓட்டியது ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்; எங்கள் ஊர்ப் பேச்சில் காடி. புக்கிட் மெர்தாஜாமில் பட்டறை வைத்திருந்த என் மச்சான், புகையை வடிகட்டும் கன்வெர்ட்டரைக் கழற்றி வீசிவிட்டு வெறும் குழாயை மாட்டினான். என்ஜின் கம்ப்யூட்டருக்கும் புது சிப் போட்டான். கடல் பாலத்தைத் தாண்டித் தீவிலிருந்த வீட்டுக்கு வந்தபோது தெருவே வாசலில் வந்து நின்றது. "காது போகுது, புகையில மூச்சு முட்டுது," என்றாள் மனைவி.

புதுசாக எதைப் பூட்டினாலும் பூஜை போடாமல் ஓட்டுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கோயிலில் ஐயர் பானெட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். எனக்குத் திருப்தி இல்லை. மாற்றியது மூளையை, பானெட்டுக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம்? முன்சீட்டுக் கம்பளத்தைத் தூக்கி, மச்சான் மறுபடி நோண்டுவதற்காக மூடி போடாமல் விட்டிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

"தம்பி, இது கரண்டு சாமான் இல்லையா?" என்று தயங்கினார் ஐயர்.

"தீர்த்தம் என்ன சாமி செய்யும்? தாராளமா தெளிங்க லா!"

மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகவே தெளித்தார். சாவியைத் திருகினேன். காடி இருமக்கூட இல்லை. பின்னால் பூஜைக்கு நின்ற லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் போகக்கூடாது என்று ஐயர் வேறு பிடிவாதம் பிடித்தார். கூட வந்திருந்த மனைவியை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன்.

அவள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"இப்பதாங்க காடி நல்லா இருக்கு. சத்தமும் இல்ல, புகையும் இல்ல."